பண்ணைக்கே வரும் பரிசோதனை வண்டி: மதியத்துக்குள் சொல்லும் முடிவை எவ்வளவு நம்பலாம்?

தென்னாப்பிரிக்காவில் ஸ்டேங்கர் பக்கம் 34 மாடு வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: வண்டிக்குள்ளேயே ஆய்வகம் வைத்துக்கொண்டு ஒரு குழு பண்ணைக்கு வருகிறது, காலையில் ரத்தம் எடுத்தால் மதியத்துக்குள் முடிவு சொல்கிறோம் என்கிறார்கள், தலைக்கு இவ்வளவு ரேண்ட் கேட்கிறார்கள், செய்யலாமா, இல்லை காசுக்குக் கேடா? கேள்வியின் கடைசி வரியில், போகிற போக்கில், போன குளிர்காலத்தில் இரண்டு மாடுகள் ஏழாம் மாதத்தில் கன்று வீசிவிட்டன (காலத்துக்கு முன்பே சினை கலைந்து கன்று விழுந்துவிட்டது) என்றும் எழுதியிருக்கிறார். ஐயா, அந்தக் கடைசி வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் வண்டியைப் பற்றிக் கேட்டாலும், உங்கள் மனதில் இருப்பது "என் மந்தையில் ஏதாவது புகுந்துவிட்டதா, அதை ஒரே நாளில் தெரிந்துகொள்ள முடியுமா" என்பதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் நாமக்கல்லில் படித்த கால்நடை மருத்துவர். இங்கே வந்து கால்நடை மருத்துவக் கவுன்சிலின் தேர்வு எழுதி, பதினெட்டு வருடமாக குவாசுலு-நட்டாலில் வேலை பார்க்கிறேன். அதில் பெரும்பகுதி பிக்கப் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து, அதையே மேசையாக்கிச் செய்த வேலை. அதனால் வண்டிப் பரிசோதனை மீது எனக்கு மரியாதை உண்டு. அது எங்கே நிற்க வேண்டும் என்பதும் தெரியும். உங்கள் மாடுகளை நான் பார்க்கவில்லை. ஆகவே உங்கள் மந்தையில் என்ன நோய் என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். எந்தச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைத்தான் சொல்ல முடியும்.

முதலில், வண்டியில் நன்றாகவே நடக்கும் சோதனைகள். மடிநோய்க்கான கலிபோர்னியா சோதனை அதில் முதலாவது. நான்கு குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு, காம்புக்கு ஒரு குழி. முதல் சில பீச்சைக் கீழே விட்டுவிட்டு ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் பால் கறந்து, அதே அளவு மருந்தை ஊற்றிச் சுழற்ற வேண்டும். நல்ல பால் தண்ணீராகவே ஓடும். மடியில் அழற்சி இருந்தால் பால் கஞ்சி மாதிரி, மோசமானால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி, திரண்டு நிற்கும். அந்த மருந்து ஒரு சலவைப் பொருள்தான். பாலில் உள்ள வெள்ளை அணுக்களை அது உடைக்கிறது, அவற்றின் உள்ளே இருக்கும் மரபுப் பொருள் வெளியே வந்து கொழகொழப்பாகிறது. பத்து விநாடியில் பதில். கன்று ஈன்ற முதல் சில நாட்கள் சீம்பாலில் இதைச் செய்யக் கூடாது, நல்ல மடியும் கெட்ட மடி போலக் காட்டும். இந்தச் சோதனைக்கு வண்டிக்காரரைக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. தட்டும் மருந்தும் வாங்கி வைத்துக்கொண்டு நீங்களே மாதம் ஒருமுறை செய்யலாம்.

அடுத்தது ரத்தப் பூச்சு. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது, உயிரைக் காப்பாற்றியதை என் கண்ணால் அதிகம் பார்த்ததும் இதில்தான். நம் கடலோரப் பகுதியில் உண்ணி அதிகம், உண்ணிக் காய்ச்சல் வருடம் முழுவதும் இருக்கும். மாடு மேய்ச்சலை விட்டுவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது, ஜுரம் 41 டிகிரி. இது உண்ணியால் வரும் ரெட்வாட்டரா (பபேசியா), கால்சிக்னஸா (அனாபிளாஸ்மா)? ரெட்வாட்டரில் மூத்திரம் காபி நிறத்தில் போகலாம், ஆனால் எல்லா மாட்டுக்கும் அப்படிப் போவதில்லை. கால்சிக்னஸில் கண்ணின் உள்ளிமை வெளுத்து மஞ்சளடிக்கும், சாணம் இறுகும். பித்தப்பை வீங்குவதால் வந்த பெயர் அது. முதல் நாளில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். மருந்து வேறு: ரெட்வாட்டருக்குப் போடும் டைமினசீன் கால்சிக்னஸைத் தொடாது, கால்சிக்னஸுக்குப் போடும் டெட்ராசைக்ளின் ரெட்வாட்டரைத் தனியாக நின்று குணப்படுத்தாது.

இங்கேதான் வண்டியில் இருக்கும் மைக்ராஸ்கோப் தன் விலையைச் சம்பாதிக்கிறது. காது நுனியில் மயிரை மழித்து, ஊசியால் லேசாகக் குத்தி, வரும் முதல் துளியைக் கண்ணாடியில் மெல்லிசாக இழுத்து, காயவிட்டு, சாயம் போட்டு, எண்ணெய்ச் சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். சிவப்பணுவுக்குள்ளே இரண்டு பேரிக்காய் காம்போடு காம்பு ஒட்டினாற்போல ஊதா நிறத்தில் தெரிந்தால் ரெட்வாட்டர். அணுவின் ஓரத்தில் ஒற்றைக் கறுப்புப் புள்ளி ஒட்டிக்கொண்டிருந்தால் கால்சிக்னஸ். கழுத்து நரம்பில் எடுத்த ரத்தத்தைவிடக் காது நுனி ரத்தம் ஏன் மேல் என்றால், ரெட்வாட்டரைத் தரும் கிருமிகளில் பபேசியா போவிஸ் என்னும் கொடிய வகை, நுண்ணிய ரத்தக் குழாய்களில் போய் அடைந்துகொள்ளும். பெரிய நரம்பு ரத்தத்தில் ஒன்றுமே தெரியாமல் மாடு செத்துப்போவதும் உண்டு. வண்டிக்காரர் காது நுனியையோ வால் நுனியையோ தேடினால் வேலை தெரிந்தவர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உண்ணியால் வரும் இன்னொரு நோயான ஹார்ட்வாட்டர் சந்தேகம் என்றால் ரத்தப் பூச்சு கைகொடுக்காது. அதைச் செத்த மாட்டின் மூளையிலிருந்து எடுத்த பூச்சில்தான் பார்ப்போம். உயிரோடு இருக்கும் மாட்டுக்கு அறிகுறியையும் பகுதியையும் பார்த்துத்தான் மருந்து போடுகிறோம். இன்னொன்று, நேற்று நன்றாக இருந்த மாடு இன்று காலை திடீரென்று செத்துக் கிடந்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத ரத்தம் கசிந்தால், யாரையும் அறுத்துப் பார்க்க விடாதீர்கள். அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம், அறுத்தால் அதன் வித்துகள் அந்த மண்ணில் பல வருடம் கிடக்கும்.

சாணத்தில் புழு முட்டை எண்ணுவதும் வண்டியில் சரியாக நடக்கும். செறிவான உப்புக் கரைசலில் முட்டைகள் மிதந்து வரும், கட்டம் போட்ட கண்ணாடியில் எண்ணிவிடலாம். ஆனால் ஈரமான பள்ளத்தாக்குகளில் மேயும் மாட்டுக்கு ஈரல்புழு இருக்கிறதா என்பதற்கு இந்த எண்ணிக்கை பதில் ஆகாது. அதன் முட்டை கனமானது, உப்புக் கரைசலில் மிதக்காமல் அடியில் தங்கிவிடும். "புழு இல்லை" என்ற சீட்டைப் பார்த்து நிம்மதியாக இருந்தவர் பண்ணையிலேயே ஈரல் கல்லாகிப் போன மாட்டை அறுத்துப் பார்த்திருக்கிறேன். எப்படி எண்ணினீர்கள், மிதக்க வைத்தா, படிய வைத்தா என்று கேளுங்கள். ஆடு வைத்திருப்பவருக்கு ஒரு வார்த்தை: கண் இமையின் உள்நிறத்தை 1 முதல் 5 வரை படிக்கும் ஃபமாச்சா அட்டை இதே தென்னாப்பிரிக்காவில் பிறந்தது. ரத்தம் உறிஞ்சும் கம்பிப்புழுவுக்கு எந்த ஆட்டுக்கு மருந்து தேவை, எதற்குத் தேவையில்லை என்று அது கிடையிலேயே சொல்லிவிடும்.

சரி, இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். ஏழாம் மாதத்தில் இரண்டு மாடு அடுத்தடுத்துக் கன்று வீசினால், முதலில் நினைக்க வேண்டியது புருசெல்லா, நம் ஊரில் கன்று வீச்சு நோய் என்பது. கன்று வீசுவதற்கு வேறு காரணங்களும் நிறைய உண்டு, அதனால் இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதை முதலில் ஒதுக்கியாக வேண்டும். ஏனென்றால் இது மாட்டோடு நிற்பதில்லை, மனிதருக்கும் வரும்.

வண்டியில் இதற்குச் செய்வது ரோஸ் பெங்கால் சோதனை. ரத்தத்தை உறையவிட்டு, மேலே தெளியும் மஞ்சள் நீரான சீரத்தில் ஒரு சொட்டு, இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றிய ஆன்டிஜெனில் (செத்த புருசெல்லா கிருமிகள் கலந்த நீர்) ஒரு சொட்டு, இரண்டையும் வெள்ளைத் தட்டில் கலந்து நான்கு நிமிடம் ஆட்டுவார்கள். கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள் சீரத்தில் இருந்தால் குருணை குருணையாகத் திரியும், அது பாசிட்டிவ். மலிவான, கூர்மையான சோதனை. நோய் உள்ளதைப் பெரும்பாலும் விடாது. அதன் குறை மறுபக்கத்தில்: நோய் இல்லாத மாட்டையும் சில சமயம் பிடித்துக் காட்டும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நோயற்ற 100 மாட்டில் இரண்டைத் தவறாகக் காட்டும் சோதனை என்று வைத்துக்கொள்வோம், கேட்க நல்ல சோதனையாகத்தான் இருக்கிறது. முற்றிலும் சுத்தமான உங்கள் 34 மாட்டிலும் அதை ஓட்டினால், குறைந்தது ஒரு மாடாவது பாசிட்டிவ் என்று வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒரு மாட்டை அன்றைக்கே லாரியில் ஏற்றி அனுப்பினால் நல்ல மாட்டைக் கொன்றதாகிவிடும். அதனால்தான் ரோஸ் பெங்காலில் திரிந்த ரத்தத்தை ஆய்வகத்துக்கு அனுப்பி, காம்ப்ளிமென்ட் ஃபிக்சேஷன் என்னும் இரண்டாவது சோதனையில் உறுதி செய்கிறோம். அதற்குச் சில நாள் ஆகும், அந்தச் சில நாள் பொறுத்தாக வேண்டும்.

தவறான பாசிட்டிவ் ஏன் வருகிறது என்பதில் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு காரணம் இருக்கிறது. இந்த நாட்டில் கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் புருசெல்லா தடுப்பூசி போடுவது சட்டப்படி கட்டாயம். எஸ்-19 என்னும் ஊசி போட்டால் ரத்தத்தில் அதன் எதிர்ப்புப் பொருள் கொஞ்ச காலம் நிற்கும், சோதனை அதை நோய் என்று எண்ணிக்கொள்ளும். உரிய வயதில் போட்டிருந்தால் 18 மாதத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும், அதனால் அந்த வயதுக்கு முன் சோதிப்பதில்லை. வயது தாண்டிய மாட்டுக்கு யாராவது எஸ்-19 போட்டிருந்தால் அது நெடுநாள் குழப்பும். ஆர்பி-51 என்னும் இன்னொரு ஊசிக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆகவே வண்டி வரும் முன்பே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எந்த மாட்டுக்கு, எந்த மாதம், எந்த ஊசி, சந்தையில் வாங்கியது எது. இந்தத் தாளைக் கேட்காமலேயே ரத்தம் எடுக்க ஆரம்பிக்கும் ஆளிடம் முடிவுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது.

நெகட்டிவ் என்பதும் முழு விடுதலை இல்லை. அண்மையில் தொற்றிய மாட்டிலும், கன்று வீசிய சமயத்திலும் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இன்னும் ஏறாமல் இருக்கலாம். உங்கள் விஷயத்தில் மாதங்கள் ஓடிவிட்டதால் கன்று வீசிய அந்த இரண்டு மாடுகளின் ரத்தம் இப்போது உண்மையைப் பேசும். ஆனால் அவற்றோடு ஒன்றாக நின்ற சினைக் கிடேரிகள் நோயை உள்ளே வைத்துக்கொண்டு, முதல் ஈற்றில்தான் காட்டும். ஒரு தடவை சோதித்து மந்தையைச் சுத்தம் என்று சொல்லவே முடியாது. மறுபடி மறுபடி சோதித்துத்தான் அந்தச் சொல்லைச் சம்பாதிக்க வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1984ஆம் ஆண்டின் கால்நடை நோய்கள் சட்டத்தில் புருசெல்லாவும் மாட்டுக் காசநோயும் கட்டுப்பாட்டு நோய்கள். சந்தேகம் வந்தாலே அரசுக் கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும், அது உங்களுக்கும் பொருந்தும், எனக்கும் பொருந்தும், வண்டிக்காரருக்கும் பொருந்தும். விவசாயத் துறை ஒப்புதல் பெற்ற ஆய்வகம் தரும் முடிவுக்குத்தான் அதிகாரபூர்வ மதிப்பு உண்டு. நம் மாகாணத்துக்கு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஆலர்டன் ஆய்வகம் இருக்கிறது. "நமக்குள் வைத்துக்கொள்ளலாம், பாசிட்டிவ் வந்தால் பேசாமல் ஏலத்துக்கு அனுப்பிவிடுங்கள்" என்று யாராவது சொன்னால் அந்த வண்டியை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அப்படி விற்ற மாடு இன்னொரு வீட்டுத் தொழுவத்தில் போய் ஈனும், அந்த வீட்டில் ஒருவர் வெறுங்கையால் கன்றை இழுப்பார்.

காசநோய் பற்றியும் வண்டிக்காரர்கள் ஒரே நாளில் பார்ப்போம் என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். இங்கே நான் உறுதியாகச் சொல்வேன்: முறையான மாட்டுக் காசநோய்ச் சோதனை ஒரே நாளில் முடியாது. கழுத்தில் இரண்டு இடத்தில் மயிரை மழித்து, தோலின் தடிப்பைக் காலிப்பரால் அளந்து எழுதி, மாட்டுக் காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த டியூபர்குலின் என்னும் சாற்றை ஓரிடத்திலும் பறவைக் காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்ததை இன்னோரிடத்திலும் தோலுக்குள் செலுத்தி, 72 மணி நேரம் கழித்து வந்து மறுபடி அளக்க வேண்டும். திங்கட்கிழமை போட்டால் வியாழக்கிழமை படிக்க வேண்டும். இரண்டு வீக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் பதில் இருக்கிறது. ரத்தச் சொட்டை வைத்துக் கோடு பார்க்கும் பட்டைகள், கோவிட் காலத்தில் நாம் மூக்கில் விட்டுப் பார்த்தோமே அது மாதிரி, காசநோய்க்கும் உண்டு. ஆனால் இந்த நோயில் எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் தாமதமாகத்தான் வரும், ஆரம்ப நோயை அவை தவறவிடும். அதற்காகக் காசு கொடுக்காதீர்கள். தோல் சோதனையும் குறையில்லாதது அல்ல: முற்றிப்போன மாட்டிலும், அண்மையில் ஈன்ற மாட்டிலும் தோல் வீங்காமல் ஏமாற்றலாம்.

கோமாரி நோய் விஷயம் வேறு. 2021 முதல் நம் மாகாணம் அதனால் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். வாயில் எச்சில் நூலாக ஒழுகி, நொண்டி நிற்கும் மாட்டைப் பார்த்தால் எந்த வண்டியையும் கூப்பிடாதீர்கள். வாசலைப் பூட்டிவிட்டு அரசு மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். அதை உறுதி செய்யும் இடம் பிரிட்டோரியா பக்கம் உள்ள ஒண்டர்ஸ்டபோர்ட் ஆய்வகம், வண்டி அல்ல.

இதிலிருந்துதான் யாரும் கேட்காத ஒரு கேள்வி வருகிறது: அந்த வண்டி நேற்று யார் பண்ணையில் நின்றது? பண்ணை பண்ணையாகப் போகும் வண்டி நோயையும் கூடவே ஏற்றிச் செல்லலாம். சக்கரத்தில், பூட்ஸில், மாட்டின் மூக்கைப் பிடிக்கும் கயிற்றில், எல்லாவற்றையும்விட ஊசியில். கால்சிக்னஸ் ரத்தத்தால் பரவும். ஒரே ஊசியை 34 கழுத்திலும் செருகினால், சோதிக்க வந்தவரே நோயை 34 மாட்டுக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டுப் போவார். மாட்டுக்கு ஒரு புது ஊசி, இதில் பேரம் பேசாதீர்கள். வண்டி வெளிவாசலில் நிற்கட்டும். ஆட்கள் உங்கள் பூட்ஸைப் போட்டுக்கொள்ளட்டும், இல்லையென்றால் தங்கள் பூட்ஸைக் கிருமிநாசினியில் தேய்த்துக் கழுவிவிட்டு உள்ளே வரட்டும். நல்ல ஆட்கள் நீங்கள் சொல்லும் முன்பே இதைச் செய்வார்கள்.

சோதனைக்குழாய் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதில் நான் ஒரு குடும்பத்துக்கு நஷ்டம் உண்டாக்கியிருக்கிறேன். இங்கே வந்த மூன்றாவது வருடம், ஒரு மழை நாளில் அறுபது மாட்டுக்கு ரத்தம் எடுத்தோம். மாட்டின் காது எண்ணைக் குழாயின் மூடியில் எழுதினேன், குழாயில் எழுதவில்லை. சீரம் பிரிக்க மூடிகளைக் கழற்றி வரிசையாக வைத்தோம். யாரோ தட்டைத் தள்ளியதில் இரண்டு மூடி உருண்டது, எடுத்து மூடியபோது குழாய் மாறிப்போனது. மூன்று வாரம் கழித்துக் கொட்டிலை விட்டுப் போனது நல்ல கறவை மாடு. நோயுள்ள மாடு அந்த ஈற்றுக் காலம் முழுவதும் உள்ளேயே நின்றது. அதன்பிறகு நான் குழாயின் உடலில் எழுதாமல் ஒரு துளி ரத்தம் எடுத்ததில்லை. நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். காது எண்ணைச் சத்தமாகப் படிக்க ஒருவர், எழுத ஒருவர். எண் எழுதிய பிறகுதான் அடுத்த மாடு கிரஷுக்குள் (மாட்டை அசையாமல் நிறுத்தும் கூண்டு) வர வேண்டும். சோதனைக் கிட் பெட்டியையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்: காலாவதித் தேதி என்ன, எத்தனை டிகிரியில் வைக்கச் சொல்லியிருக்கிறது, அது இப்போது எங்கே இருக்கிறது. பிப்ரவரிக் கோடை வெயிலில் வண்டியின் டாஷ்போர்டில் கிடந்த கிட்டின் பதிலுக்கு மதிப்பில்லை.

ஆக, வண்டியைக் கூப்பிடலாமா? காய்ச்சல் மாட்டுக்கு மைக்ராஸ்கோப், சாணச் சோதனை, சினை பார்க்கும் ஸ்கேன் இவற்றுக்குக் கூப்பிடுங்கள், காசு வீணாகாது. புருசெல்லாவுக்கு அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: "எடுக்கும் ரத்தத்தில் பாதியை ஒப்புதல் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புவீர்களா?" ஆம் என்றால் சரி. இல்லையென்றால் அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். எப்படியானாலும் முதல் போன் உங்கள் பகுதி அரசுக் கால்நடை மருத்துவருக்குப் போகட்டும். மாடுகளை விற்கவும் வாங்கவும் வேண்டாம், முடிவு வரும் வரை.

முடிவு வருவதற்கு முன்பே, இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வருடாவருடம் காவடிக்குப் பால் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வெரலம், மவுண்ட் எட்ஜ்கோம்ப் கோயில்களில் பால்குடத்துப் பாலை அபிஷேகம் முடிந்து கையில் வாங்கிக் குடிப்பவர்களை நானும் பார்க்கிறேன், நானும் குடித்து வளர்ந்தவன்தான். புருசெல்லா பச்சைப் பாலில் வரும். விட்டு விட்டு அடிக்கும் காய்ச்சல், ராத்திரி வேர்வை, மாதக்கணக்கில் இடுப்பு வலி, மூட்டு வலி என்று ஃப்ளூ போலவே ஏமாற்றும். பொங்கக் காய்ச்சினால் கிருமி செத்துவிடும். இந்த வருடம் உங்கள் பாலைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுங்கள், இல்லை கடைப் பால் வாங்கிக் கொடுங்கள், பூசாரியிடம் காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார். வீட்டில் யாருக்காவது அப்படிக் காய்ச்சல் இருந்தால் டாக்டரிடம் "மாடு கன்று வீசியது" என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றாது. அப்புறம், இடையில் எந்த மாடாவது ஈன்றாலோ வீசினாலோ தனியாகக் கட்டுங்கள். தோள்வரை கையுறை போடாமல் நஞ்சுக்கொடியைத் தொட வேண்டாம், சினையாக இருக்கும் பெண்கள் அந்தப் பக்கமே வர வேண்டாம். விழுந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் அரசு மருத்துவர் சாம்பிள் கேட்டால் எடுத்துக்கொள்ளும் வரை நாய் அண்டாத இடத்தில் மூடி வைத்து, பிறகு ஆழமாகப் புதைத்துச் சுண்ணாம்பு போடுங்கள்.